சிங்கப்பூர் சிம் லிம்மில் வாங்கி, திருத்துறைப்பூண்டியில் ஓட வேண்டிய கம்ப்யூட்டர்

தம்பி, திருத்துறைப்பூண்டி என்று பார்த்ததும்தான் பதில் எழுதத் தோன்றியது. நமக்கு நீடாமங்கலம் பக்கம். எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்து ஆறு மாதம் ஆகிறது, யீஷூனில் வாடகை அறை, கையில் 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது, கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த கிராபிக்ஸ் கார்டு, ப்ராசஸர் இன்டெல்லா ஏஎம்டியா, வாட்டர் கூலர் வேண்டுமா, பாகங்களை மாட்டுகிற பெட்டிக்குக் கண்ணாடி வைத்த வெள்ளை கேபினட் எப்படி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் "ரெண்டு வருஷத்துல ஊருக்கு வந்துட்டா கையோட எடுத்துட்டு வரலாமாண்ணே" என்று ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் கண்ணில் நின்றது. எந்தக் கார்டு என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வரியை முதலில் வைத்து யோசியுங்கள். உங்களோடு விமானம் ஏறப்போகிற பாகம் எது, இங்கேயே விட்டுவிட்டுப் போகிற பாகம் எது? ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, இவை ஊருக்கு வரும். கேபினட், மானிட்டர், மேசை, நாற்காலி, கலர் கலராக மின்னும் ஃபேன் எல்லாம் பழைய பொருள் விற்கிற கரோசெல் ஆப்பில் பாதி விலைக்குப் போகும், இல்லாவிட்டால் அடுத்து அறைக்கு வருகிற பையனுக்கு இனாம். ஊருக்கு வருவதில் காசைப் போடுங்கள். தங்கிவிடுவதைப் பழசாக வாங்குங்கள். வெள்ளை கேபினட் கேள்விக்கும் இதோடு பதில் முடிந்தது.

ஊருக்கு வருகிற பாகங்களில் எல்லோரும் கை வைப்பது பவர் சப்ளையில்தான், நம்மூரில் எஸ்எம்பிஎஸ் என்கிறோமே, வீட்டு மின்சாரத்தை மாற்றி மற்ற பாகங்களுக்குக் கொடுக்கிற பெட்டி, அது. கேம் ஓடும் வேகத்தில் அது ஒன்றும் கூட்டாது, குறைக்காது. அதனால் 1,200க்குள் அடக்க முடியாமல் தவிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். மேலே பெரிதாக 600 வாட் என்று போட்டிருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய ப்ராசஸரும் கார்டும் கிட்டத்தட்ட எல்லா மின்சாரத்தையும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. 18 ஆம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்குங்கள்: 216 வாட். வெளியே 600 என்று எழுதினாலும் உள்ளே இருக்கிற சரக்கு அவ்வளவுதான்.

அதற்காக 850 வாட் வாங்கச் சொல்கிற கடைக்காரரையும் நம்ப வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி கார்டு 115 வாட். 65 வாட் என்று விற்கிற ஏஎம்டியின் ரைசன் 5 ப்ராசஸர் முழுமூச்சாக ஓடினால் 88 வரை போகும். மீதி எல்லாம் சேர்த்தாலும் 250, 300க்குள் நிற்கும். பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் தாராளம். 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே போட்ட கபாசிட்டர் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை அல்ல. வாரண்டி ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், 2008 வாக்கில் நான் வந்த புதிதில் பூன் லே பக்கம் ஓர் அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். அதில் பாபநாசத்துக்காரர் ஒருவர், கப்பல் பட்டறையில் ஃபிட்டர். ஓவர்டைம் காசைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கடைக்காரன் விலைச் சீட்டில் ஒன்றை எழுதிக்கொடுத்தான். பணம் கட்டியபிறகு "அந்த மாடல் ஸ்டாக் இல்லை பாஸ், இது அதைவிட நல்லது" என்று பெயரே இல்லாத ஒரு பவர் சப்ளையைப் போட்டு மூடிக் கொடுத்துவிட்டான். மழை பெய்த ஒரு ராத்திரி பட்டென்று ஒரு சத்தம், அறை முழுக்கக் கருகல் நாற்றம். போனது பவர் சப்ளை மட்டும் என்றால் பரவாயில்லை. மட்டமான பெட்டி சாகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அந்த டிஸ்க்கில் அவருடைய தங்கச்சி கல்யாணப் படங்கள் இருந்தன. கடைக்குப் போனால், அந்தப் பொருளுக்கு ஒரு வாரம்தான் வாரண்டி என்றான். அவருக்கு ஆங்கிலத்தில் சண்டை போட வராது. எனக்கும் அப்போது வராது. இப்போது வந்து நிற்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்! நம் ஆட்கள் கூடுகிற தேக்காவைத் தாண்டாமல் இருபது வருஷம் ஓட்டிவிட்டு, இந்த ஊர்க்காரன் சரியில்லை என்று குறைசொல்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கோப்பிக்கடை அங்கிளிடம் பேசிப் பழகினாலே அரைவாசி ஊர் பிடிபட்டுவிடும்.

இங்கேயே, சீரான 230 வோல்ட் வருகிற இடத்திலேயே, இந்தக் கதி. அதைத் திருத்துறைப்பூண்டியில் மாட்டுங்கள். போன லீவில் ஊருக்குப் போனபோதும் பார்த்தேன். மும்முனை மின்சாரம் வந்ததும் வயலில் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தால் வீட்டு விளக்கு மங்குவது இன்னும் மாறவில்லை. வோல்டேஜ் இறங்குவதை நல்ல பவர் சப்ளை தாங்கிக்கொள்ளும், பெரும்பாலானவை 100 முதல் 240 வரை வேலைசெய்யும். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது அடிக்கிற அடிதான் ஆபத்து. கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு உங்கள் பக்கம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததே, ஞாபகம் இருக்கும். வாடகை ஜெனரேட்டரில் தண்ணீர் மோட்டாரோடு டிவியையும் மாட்டிப் பறிகொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

எர்த் விஷயமும் இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்கிறது என்பார்கள், அதைச் சாதாரணமாக வேறு எடுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் போகும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சதுர அலையில் நல்ல பவர் சப்ளைகளே சில முரண்டு பிடிக்கும். யுபிஎஸ் ஊரிலேயே வாங்குங்கள். அந்தப் பேட்டரியை விமானத்தில் தூக்கி வருகிற தலைவலி வேண்டாம். அப்புறம் எலி. சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலியெல்லாம் எங்கே வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேபினட்டின் பின்பக்க ஓட்டைகளைக் கம்பி வலை வைத்து அடைத்துவிடுங்கள்.

வாங்குகிற இடம் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயர் கட்டடம்தான், ரோச்சோர் ரயில் நிலையத்தை ஒட்டி. எதிரே இருக்கிற சிம் லிம் டவர் வேறு, அங்கே சில்லறை எலக்ட்ரானிக் சாமான். ஸ்கொயரில் கீழ்த்தளங்களை வேடிக்கை பார்த்துவிட்டு மேலே ஏறிவிடுங்கள். பாகம் விற்கிற கடைகள் மேலேதான். 2014இல் வியட்நாமிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த தொழிலாளி ஒருவர் ஐபோனுக்கு 950 வெள்ளி கட்டியபிறகு, வாரண்டிக்கு என்று கடைக்காரர் இன்னும் 1,500 கேட்க, அவர் மண்டியிட்டு அழுத காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது அங்கேதான். அந்தக் கடைக்காரர் பிறகு சிறைக்குப் போனார். அதற்காக எல்லாரும் அப்படி இல்லை. மேல்தளத்தில் பல வருஷமாக நேர்மையாக விற்கிற ஆட்கள் உண்டு, கடைகள் விலைப்பட்டியலைத் தாளிலேயே அச்சடித்துக் கொடுத்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். ரசீதில் பாகத்தின் முழுப்பெயரும் மாடல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள், 9 சதவீத வரி சேர்த்த விலைதானா என்று கேளுங்கள், எழுதாத வரை அட்டையைத் தேய்க்காதீர்கள். பெட்டியை உங்கள் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் கேட்க இங்கே 2012 முதல் சட்டம் இருக்கிறது. அந்த ஆறு மாதமும் குறை ஆரம்பத்திலேயே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பாபநாசத்துக்காரர் காலத்தில் அது இல்லை.

மாதத் தவணையில் வாங்காதீர்கள். இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். நம் பையன்கள் சிலர் வந்த மூன்றாம் மாதமே தவணையில் கம்ப்யூட்டர், தவணையில் போன், அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புவது. அங்கே இருக்கிறவர்கள் நாம் ஏதோ பெட்டி பெட்டியாக அள்ளுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, "வரும்போது எனக்கும் ஒரு கார்டு வாங்கிட்டு வா மாப்ள, காசு அப்புறம் தர்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது. திருச்சி கஸ்டம்ஸில் பதில் சொல்லப்போவது நாம்தான். தனியாகச் சலுகை ஒரு லேப்டாப்புக்குத்தான் உண்டு, பாகங்களெல்லாம் பொதுவான வரம்புக்குள் அடங்க வேண்டும். உங்கள் ஒரு கார்டுக்கே அதில் இடம் வேண்டும், மச்சானுக்கு எங்கே போவது?

அதே சமயம், வந்த பையன் கேம் கம்ப்யூட்டர் வாங்குவதே ஊதாரித்தனம், காசையெல்லாம் வீட்டுக்கு அனுப்பு என்று உபதேசம் செய்கிற பெரியவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பியர் டின்னோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசிப் பேசி வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா! அறையில் உட்கார்ந்து ஊர் நண்பனோடு பேசிக்கொண்டே விளையாடுகிறவன் அவர்களைவிடக் கெட்டிக்காரன். நான் மன்னார்குடியில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் கார் ஓட்டி விளையாடியவன். இங்கே வந்து சொந்தமாக ஒன்று வாங்குகிற வரைக்கும் சாயங்காலம் என்பதே எனக்குப் பிடிக்காது. வேலை முடிந்து வந்து, சோறு வடித்து, துணி துவைத்து, அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் மற்ற கேள்விகள். வாட்டர் கூலர் வேண்டாம், ப்ராசஸரோடு வருகிற ஃபேன் போதும். இன்டெல்லா ஏஎம்டியா என்பது ரஜினி கமல் சண்டை, ஆறு கோர் இருந்தால் போதும், அன்றைக்கு எது மலிவோ அது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கென்று சரக்கு போக ஆரம்பித்து ரேம் விலை தலைக்கு மேல் ஏறிவிட்டதால், ஏஎம்டியின் முந்தைய தலைமுறை ஏஎம்4 மதர்போர்டில், அதற்கேற்ற பழைய வகை டிடிஆர்4 ரேமோடு ரைசன் 5 5600 ப்ராசஸர் என்பது இந்தக் காசுக்குக் கேவலம் ஒன்றும் இல்லை. அதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ரேமை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். வேலரன்ட் மாதிரி கேம் எந்தக் கார்டிலும் ஓடும். ஊர் நண்பர்களோடு மும்பை சர்வரில் விளையாடினால் வருகிற தாமதத்தை எந்தக் கார்டும் குறைக்காது. புதுப் பெரிய கேம்கள் என்றால் 8 ஜிபி நினைவகம் உள்ள கார்டு இப்போதே மூச்சு வாங்குகிறது, 12 ஜிபி கிடைத்தால் பாருங்கள். பழைய கார்டு வாங்கினால் விற்கிறவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். மானிட்டர் கண்டிப்பாகப் பழசு.

அறையைப் பற்றியும் யோசியுங்கள். விளையாடும்போது 300 வாட் என்றால் அவ்வளவும் சூடாக உங்கள் அறைக்குள்தான் இறங்கும். பல வீட்டுக்காரர்கள் ஏர்கான் இத்தனை மணி நேரம்தான் என்று கணக்கு வைத்திருப்பார்கள். தினம் நான்கு மணி நேரம் ஓடினால் மாதம் 36 யூனிட், யூனிட் முப்பது காசு என்று வைத்தால் பதினொரு வெள்ளி. அதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பில் வந்தபிறகு முகம் சுளித்து அவர் கேட்கிற நிலைமை வேண்டாம். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் டாக்சியில் ஏற்றிப் போகிற மாதிரி சின்ன கேபினட்டாக, மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவில் பாருங்கள். ஏற்றும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிடுங்கள், கனமான கார்டு குலுங்கினால் மதர்போர்டின் ஸ்லாட் விரிசல் விடும்.

ஊருக்குத் திரும்பும்போது கார்டும் எஸ்எஸ்டியும் கைப்பையில் வரட்டும். போர்டு வந்த வெள்ளிக் கலர் கவரைத் தூக்கிப்போடாமல் வையுங்கள், அதிலேயே போட்டுத் துணிக்கு நடுவில் வைக்கலாம். வாரண்டி பல கம்பெனிகளில் வாங்கிய நாட்டோடு சரி, அதனால் ஊருக்கு வந்தபிறகு பழுதானால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கைக்காசு போட்டுத்தான் பார்க்க வேண்டும். பவர் கேபிளை மட்டும் அங்கே புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், இங்கத்திய சதுரக் கால் பிளக் நம் பாயிண்டில் ஏறாது. பாகங்களைத் தேர்ந்தெடுத்ததும் பணம் கட்டுவதற்கு முன்னால் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். பவர் சப்ளை வரியைப் பார்த்துச் சொல்கிறேன், மற்றது உங்கள் இஷ்டம்.