இட்லிப்பூ வேலிக்கு எத்தனை குடம் தண்ணீர்?

கேள்வி: சுற்றுச்சுவர் ஓரமாக 12 அடி நீளத்துக்கு இட்லிப்பூச் செடி வைக்க ஆசை. ஆறு செடி போதும், செடிக்குத் தினமும் ஒரு குடம் ஊற்றுங்கள் என்கிறார் நர்சரிக்காரர். எங்களுக்குப் போர் தண்ணீர்தான். சித்திரை பிறந்தால் லாரியை எதிர்பார்க்க வேண்டும். பேசாமல் காகிதப்பூ வாங்கிவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: குடம் 12 லிட்டர் என்று வைத்தாலே ஆறு செடிக்கு 72 லிட்டர். அவ்வளவு தேவையே இல்லை, நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் ஊற்றுவது, ஒரு மில்லிமீட்டர் மழை பெய்ததற்குச் சமம். நம் பக்கம் கடும் வெயில் நாளில் 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகப் போகும். உங்கள் வேலி இரண்டடி அகலம் இருந்தால் பரப்பு சுமார் 2.2 சதுர மீட்டர். போனதை முழுதாக ஈடுகட்டினாலும் 15 லிட்டர்தான். நன்றாக வேர்விட்ட இட்லிப்பூவுக்கு அதில் முக்கால் பங்கு தாராளம். ஆக, மொத்த வேலிக்கும் சேர்த்தே நாளுக்கு ஒரு குடம்! அதையும் தினமும் தெளிக்காமல், மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்று குடமாக நிதானமாக ஊற்றினால் வேர் ஆழத்துக்கு இறங்கும். காய்ந்த சருகை அடியில் பரப்பினால் இன்னும் மிச்சமாகும்.

தினமும் ஊற்றச் சொல்வது, பையில் இருக்கும் செடிக்கும் புதிதாக நட்ட செடிக்கும் பொருந்தும். வேர் அந்தச் சின்ன மண்கட்டிக்குள்ளேயே இருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். அதற்கும் ஒரு செம்பு போதும், குடம் வேண்டாம். ஐப்பசி மழையில் நட்டால் கோடைக்குள் வேர் பிடித்துவிடும். பங்குனியில் வாங்கவே வாங்காதீர்கள்.

எனக்குக் கவலை உங்கள் போர் தண்ணீர் பற்றித்தான். இட்லிப்பூவுக்குச் சற்றுப் புளிப்பான மண் பிடிக்கும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, கொழுந்து மட்டும் மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பலரும் இன்னும் ஊற்றி வேரை அழுகவிடுகிறார்கள். உங்கள் வாளியில் வெள்ளைப் படிவு கெட்டியாக ஒட்டுகிறதா, அக்கம்பக்கத்தில் இதே தண்ணீரில் வளரும் இட்லிப்பூவின் கொழுந்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

இரண்டும் சரியில்லை என்றால் காகிதப்பூதான் என் தேர்வு. ஆறு வேண்டாம், இரண்டு செடியே 12 அடியை மூடிவிடும். வேர்விட்டபின் இரண்டு அங்குலம் விரல்விட்டு, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினால் இலைதான் வரும், பூ வராது. ஐந்தாறு மணி நேர நேர்வெயில் அவசியம். முள் இருப்பதால் நடைபாதைப் பக்கம் கிளையை வெட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முள்ளுக்குப் பயந்து அரளி வாங்குவதாக இருந்தால், அதன் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள்.