ஆற்று இறாலின் வயதை அளவு சொல்லாது: கேள்வி பதில்

ஆற்று இறாலும் நண்டும் எப்படி வளர்கின்றன, எப்போது பருவமடைகின்றன என்று கேட்டிருந்தீர்கள். சந்தையில் ஸ்கேம்பி என்று விலைபோகும் பெரிய நன்னீர் இறாலைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கும்பகோணத்திலிருந்து: ஐயா, ஒரே நாளில் குளத்தில் விட்ட குஞ்சுகள். சில இறால் நூறு கிராம் தாண்டிவிட்டன, சில விரல் நீளத்திலேயே நிற்கின்றன. வேறு இனத்தைக் கலந்து விற்றுவிட்டார்களா?

விற்றவரைத் திட்ட வேண்டாம். இந்த இறாலின் ஆண்களுக்குள் மூன்று படிநிலை உண்டு. முதல் படியில் இருக்கும் சிறிய ஆணை, அதாவது சிற்றாணைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கொடுக்கு மெல்லியதாக, நிறமற்று இருக்கும். அடுத்தது ஆரஞ்சு நிறக் கொடுக்கு. மூன்றாவது நீண்ட, முள் நிறைந்த நீலக் கொடுக்கு. குளத்தின் நாட்டாமை அதுதான்.

மூன்றில் வேகமாக வளர்வது ஆரஞ்சுக் கொடுக்குக்காரன். அக்கம்பக்கத்தில் இருக்கும் நீலக் கொடுக்கனை அளவில் மிஞ்சிய பிறகே அவனுக்கும் நீலம் ஏறும். நீலம் ஏறியதும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். தீனியின் பலனெல்லாம் இடத்தைக் காப்பதற்கும் பெண்களைக் காப்பதற்கும் செலவாகிவிடும். பிறகு இன்னொரு ஆரஞ்சு வளர்ந்து அவனையும் தாண்டுவான். பெரியவை இருக்கும்வரை சிற்றாண்கள் அடங்கியே கிடக்கும். ஆகவே பெரியவற்றை அவ்வப்போது பொறுக்கிப் பிடித்துவிடுங்கள், மற்றவை மேலேறும். ஒரே நாளில் மொத்தமாகப் பிடிப்பது என் கணக்கில் நஷ்டம்.

இன்னொன்று: சிற்றாணைக் குஞ்சு என்று நினைக்காதீர்கள். அது பருவமடைந்த ஆண்தான். நீலக் கொடுக்கன் கவனிக்காத நேரத்தில் நுழைந்து பெண்ணோடு சேர்ந்துவிடும்.

சிதம்பரத்திலிருந்து: மீனுக்குச் செதில் வளையத்தை எண்ணி வயது சொல்கிறார்களே, இறாலுக்கு?

செதில் மீனோடு கடைசிவரை இருக்கிறது. இறாலோ ஓட்டை முழுவதுமாகக் கழற்றிவிடுகிறது. இரைப்பையின் உட்சுவர்கூட அதோடு வந்துவிடும். அதனால் செதிலைப்போல எண்ணிப் பார்க்க ஏதும் மிஞ்சுவதில்லை.

வளர்ச்சியும் படிப்படியாகத்தான். ஓடு இறுகியிருக்கும்வரை நீளம் கூடாது. உரித்தவுடன் உடல் தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும், புது ஓடு அந்த அளவிலேயே இறுகும், பிறகு உள்ளே சதை பிடிக்கும். குஞ்சுகள் சில நாட்களுக்கு ஒருமுறை உரிக்கும்; வளர்ந்தவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். உரித்த இறால் மெத்தென்று இருக்கும்போது மற்றவை அதைத் தின்றுவிடும். குளத்தில் தென்னை மட்டையோ பழைய வலையோ ஒளிவிடமாகப் போடுவது அதற்காகத்தான்.

திருவாரூர் மாணவி: பெண் இறால் பருவமடைந்ததை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் அம்மா. வெளிச்சத்தில் மேலிருந்து பாருங்கள். தலை ஓட்டுக்கு அடியில் ஆரஞ்சு நிறத் திரட்சி தெரியும், அது சினைப்பை. அது பின்னோக்கி நீண்டு தலைப்பகுதியை நிரப்பினால் சினை முற்றிவிட்டது என்று பொருள். பிறகு ஒருமுறை ஓடு உரிக்கும். ஓடு இறுகாத அந்தச் சில மணி நேரத்தில்தான் ஆண் கூடும், பக்கத்திலேயே காவலும் நிற்கும். பசைபோன்ற விந்துப் பொதியைப் பெண்ணின் கால்களுக்கிடையே ஒட்டிவிடும். ஒரு நாளுக்குள் முட்டைகள் வெளிவந்து வயிற்றடி நீந்துகால்களில் ஒட்டிக்கொள்ளும்.

புது முட்டை பளிச்சென்ற ஆரஞ்சு. நாளாக ஆகச் சாம்பல் நிறமாகிக் கருத்துவிடும். 28 டிகிரி நீரில் சுமார் மூன்று வாரத்தில் பொரியும். முதல் சினையில் 5,000 முதல் 20,000 முட்டைகள். நன்கு வளர்ந்த பெண்ணுக்கு 80,000-க்கு மேலும் போகும்.

அணைக்கரையிலிருந்து ஒரு மீனவர்: சினை இறாலை அணைக்கு மேலே ஆற்றில் விட்டால் பெருகாதா?

அண்ணாச்சி, சினை இறாலை விடுவதைவிட வளர்ந்த குஞ்சை விடுவது மேல். ஆற்றில் வளரும் இறால்தான். ஆனால் அதன் லார்வா, அதாவது முட்டையிலிருந்து வெளிவரும் முதல் பருவம், நன்னீரிலேயே இருந்தால் சில நாளில் செத்துவிடும். அதற்குச் சப்புத்தண்ணீர் வேண்டும்: லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் உப்பு. கடலில் 35 கிராம். மலேசியாவின் பினாங்கில் ஆய்வாளர் ஷாவோ-வென் லிங் 1960-களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்த பிறகுதான் இந்த இறாலுக்குப் பொரிப்பகம் வைக்கவே வழி பிறந்தது.

அதனால்தான் சினைப் பெண்கள் முகத்துவாரம் நோக்கி இறங்குகின்றன. லார்வா தலைகீழாக, வால் முன்னால் போக நீந்தி, பதினொரு நிலைகளைக் கடந்து குட்டி இறாலாகிறது. பிறகு கரையோரமாக ஊர்ந்து எதிர்நீச்சலில் ஆற்றில் ஏறும். கதவணை இரண்டு பயணத்தையும் மறிக்கிறது. கேரளத்தில் வேம்பநாட்டு ஏரியின் தண்ணீர்முக்கம் தடுப்பணை நெல்லுக்கு உப்பைத் தடுத்தது, ஆற்றுக்கொஞ்சின் (இந்த இறாலுக்கு அங்கே அதுதான் பெயர்) வழியையும் தடுத்தது. நெல்லும் வேண்டும்தான், ஆனால் வலசைக் காலம் பார்த்துக் கதவைத் திறக்கவாவது செய்யலாம் அல்லவா? காவிரி, கோதாவரியில் கிடைக்கும் சற்றுச் சிறிய ஆற்று இறாலுக்கும் இதே கதைதான்.

தென்காசியிலிருந்து: வயல் நண்டு மட்டும் கடல் பக்கமே போவதில்லையே?

அதற்கு லார்வாப் பருவமே வெளியில் கிடையாது. முட்டை குறைவு, ஆனால் பெரியது; எல்லா மாற்றமும் முட்டைக்குள்ளேயே முடிந்து குட்டி நண்டாகவே பொரிக்கும். தாயின் வயிற்று மடலைத் தூக்கிப் பாருங்கள், பொடி நண்டுகள் அப்பிக் கிடக்கும். பருவமடையும் உரிப்பில்தான் பெண்ணின் மடல் அகலமாகும். ஆணுக்குக் கடைசிவரை குறுகல்தான்.

அதே நண்பர்: ஒடிந்த கொடுக்கு வளருமா?

வளரும். முதல் உரிப்பில் சிறிதாக வரும், அடுத்தடுத்த உரிப்பில் பெரிதாகும்.

நெல்லூரில் பண்ணை வைத்திருப்பவர்: இறாலின் ஒரு பக்கக் கண்காம்பை (கண்ணைத் தாங்கும் காம்பை) வெட்டினால் சீக்கிரம் சினை பிடிக்குமாமே?

பிடிக்கும். ஓடு உரிப்பதையும் சினை முற்றுவதையும் அடக்கிவைக்கும் ஹார்மோன்கள் கண்காம்பிலிருந்துதான் சுரக்கின்றன. கடல் இறால் பொரிப்பகங்களில் இது வழக்கம். ஆனால் நன்னீர் இறால் பெண் ஆறு மாதத்துக்குள் தானாகவே சினை பிடித்துவிடும். தீனியையும் தண்ணீரையும் கவனியுங்கள், கத்தரிக்கோலுக்கு இங்கே வேலை இல்லை.