மூளையணுக்களில் சிறு ஆர்.என்.ஏ.க்களும் அல்சைமர் நோயும்: கேள்வி பதில்

இறந்தோரின் தானமளிக்கப்பட்ட மூளைத் திசுவிலிருந்து சிறு ஆர்.என்.ஏ.க்களைப் பிரித்தெடுத்து அளவிடும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், வந்திருக்கும் கேள்விகளுக்கு விடையளிக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (உயிரியல் ஆசிரியர் ஒருவர்): மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது புரதமாக மாறாத சிறிய ஆர்.என்.ஏ என்று மட்டுமே படித்திருக்கிறேன், ஐயா. மூளையணுவுக்குள் அது செய்யும் வேலைதான் என்ன?

பதில்: அதன் நீளம் ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள்) மட்டுமே. விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ரவ்குனும் 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில் இதை வெளிப்படுத்தினார்கள். வெகுகாலம் இது புழுக்களுக்கே உரிய விநோதமென்று ஒதுக்கப்பட்டது. அதே பணிக்காக 2024-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

செல்லின் உட்கருவில் கொண்டை ஊசிபோல் மடங்கிய நீண்ட இழையாக இது உருவாகிறது. ட்ரோஷா என்ற நொதி அதை ஒருமுறை வெட்டுகிறது. உட்கருவை விட்டு வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி மறுமுறை வெட்டுகிறது. எஞ்சும் இரட்டை இழையில் ஒன்று ஆர்கோநாட் என்ற புரதத்தின் மடியில் அமர்ந்துகொள்கிறது. பிறகு தன் இரண்டாம் எழுத்திலிருந்து எட்டாம் எழுத்து வரையிலான சிறு பகுதியைக் கொண்டு, புரதம் ஆக்கும் குறிப்பை ஏந்திச் செல்லும் தூது ஆர்.என்.ஏ.க்களின் வால்பகுதியைத் துழாவி, பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அந்தத் தூது ஆர்.என்.ஏ புரதமாக மொழிபெயர்க்கப்படுவதைக் குறைக்கிறது, அல்லது அது விரைவில் சிதையும்படி செய்கிறது. இதை அடுப்பை அணைக்கும் வேலை என்று எண்ண வேண்டாம், தீயைச் சற்றுத் தணிக்கும் வேலை. ஆனால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான அடுப்புகளில் ஒரே நேரத்தில் தீயைத் தணிக்க வல்லது.

நரம்பணுவில் இதற்குத் தனிச்சிறப்பு உண்டு. அதன் கிளைகள் உட்கருவிலிருந்து வெகுதூரம் நீள்வதால், தூது ஆர்.என்.ஏ.க்கள் சில கிளைகளின் நுனிவரை பயணம் செய்து, நரம்பிணைப்பின் அருகிலேயே தேவைப்படும்போது புரதமாக்கப்படுகின்றன. தேவை எழும்வரை அவற்றை அடக்கி வைத்திருக்கும் பொறுப்பில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கும் பங்குண்டு.

கேள்வி (மருந்தியல் துறையில் பணிபுரிபவர்): அமைலாய்டு படிவுகளுக்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டதா, அல்லது ஊகம்தானா?

பதில்: பகுதி நிறுவப்பட்டது, பகுதி ஊகம். அமைலாய்டு முன்னோடிப் புரதத்தை முதலில் பேஸ்-1 என்ற நொதியும், பின்னர் காமா சீக்ரடேஸும் வெட்டும்போது, அல்சைமர் மூளையில் படிவாகச் சேரும் பீட்டா அமைலாய்டு பிறக்கிறது. மிர்-29 (மிர் என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம்) குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறைந்திருந்த நோயாளிகளின் மூளையில் பேஸ்-1 மிகுந்திருந்ததாக 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. மிர்-107 நோயின் தொடக்கநிலையிலேயே குறைவதாக வேறொரு ஆய்வு அதே ஆண்டில் வெளியாயிற்று. பேஸ்-1 மரபணுவின் எதிரிழையிலிருந்தும் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ உருவாகிறது, மிர்-485 ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தை அது போர்வைபோல் மூடிவிடுவதால் நொதியின் தூது ஆர்.என்.ஏ சிதையாமல் தப்பிக்கிறது. வளர்ப்புச் செல்களில் இவை தெளிவாகத் தெரிகின்றன. மனித மூளையில் நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ‘இது குறைந்த இடத்தில் அது கூடியிருக்கிறது’ என்ற உடனிகழ்வு மட்டுமே. பேஸ்-1 நொதியையே நேரடியாகத் தடுத்த வெருபெசெஸ்டாட் என்ற மருந்து, அமைலாய்டைக் குறைத்தும் நோயாளிகளுக்குப் பயன் தராமல் போனதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்த ஆய்வுகளைப் படிக்க வேண்டும்.

கேள்வி (முதுநிலை மாணவி ஒருவர்): நான் படித்த கட்டுரைகளில் மிர்-132 என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, ஐயா. இது நோய்க்குக் காரணமா, விளைவா?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், அம்மா. வெவ்வேறு ஆய்வகங்கள், வெவ்வேறு மூளைத் தொகுப்புகளில் அளந்தும் ஒத்துப்போகும் முடிவுகள் இத்துறையில் அதிகமில்லை. அல்சைமர் மூளையில் மிர்-132 குறைகிறது என்பது அந்தச் சிலவற்றுள் ஒன்று.

முதலில் எழ வேண்டிய ஐயம் மிக எளியது. நோயுற்ற மூளையில் நரம்பணுக்கள் மடிந்து, அவற்றுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களின் விகிதம் கூடிவிடுகிறது. அத்தகைய திசுவை அப்படியே அரைத்து அளந்தால், நரம்பணுவுக்கு உரிய எதுவும் குறைந்ததாகத்தான் தோன்றும். செல்லுக்குள் குறைந்ததா, செல்லே குறைந்ததா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. என் பார்வையில், இத்துறையில் வெளியான நீண்ட பட்டியல்களுள் கணிசமானவை இந்த ஐயத்தைத் தாண்டி நிற்கமாட்டா. மிர்-132 ஓரளவு தாண்டி நிற்கிறது. ஏனெனில் நினைவுக்குரிய மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களுக்கே உரிய பிற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறையத் தொடங்குவதற்கு முன்பே, நோயின் இடைநிலையிலேயே இது சரிந்துவிடுவதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டாவது ஐயம் இதைவிட நுட்பமானது. மிர்-132 உற்பத்தியாவதே நரம்பணுவின் செயல்பாட்டைப் பொறுத்தது. நரம்பணு தூண்டப்படும்போது கிரெப் என்ற புரதம் அதன் மரபணுவை முடுக்குகிறது. ஆகவே, நோயினால் ஓசை அடங்கிப்போன நரம்பணு குறைவாக மிர்-132-ஐ ஆக்குவது இயல்பே. அந்த அளவில் அது விளைவு. ஆனால் எலிகளில் மிர்-132-ஐயும் அதன் உடன்பிறப்பான மிர்-212-ஐயும் நீக்கியபோது, அல்சைமரில் நரம்பணுக்களுக்குள் முடிச்சுகளாகச் சேரும் டௌ புரதம் கூடியது. டௌவின் தூது ஆர்.என்.ஏ.வே மிர்-132-இன் இலக்குகளுள் ஒன்று. விளைவாகத் தொடங்கியது அடுத்த கட்டத்தில் காரணமாகவும் மாறி, சுழலை இறுக்குகிறது என்று கொள்வதே கிடைத்துள்ள சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

உங்கள் ஆய்வேட்டுக்கு ஓர் எச்சரிக்கை: தனித்தனி உட்கருக்களின் ஆர்.என்.ஏ.வைப் படிக்கும் வழக்கமான தரவுகளில் முதிர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். அம்முறை ஆர்.என்.ஏ.வின் அடினின் வாலைப் பற்றிப் பிடிக்கிறது. முதிர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு அந்த வால் இல்லை, அது பெரும்பாலும் உட்கருவுக்குள் இருப்பதும் இல்லை.

கேள்வி: மைக்ரோகிளியாவில் என்ன நிகழ்கிறது?

பதில்: மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவில் பேசப்படுபவை மிர்-146, மிர்-155 ஆகிய இரண்டும். இரண்டுமே அழற்சியின்போது கூடுகின்றன, ஆயினும் முன்னது அழற்சிச் சங்கிலியின் கண்ணிகளை அடக்கித் தன்னைத் தூண்டியதையே தணிக்க முயல்கிறது, பின்னது பெரும்பாலும் அழற்சிக்குத் துணைபோகிறது. ‘அழற்சி மைக்ரோ ஆர்.என்.ஏ கூடியது’ என்று மட்டும் சொல்லும் கட்டுரை, தீ மூண்டதைச் சொல்கிறதா, தீயணைப்பு வந்ததைச் சொல்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (தாயாரைப் பராமரிப்பவர்): என் தாயாருக்கு மறதி கூடிவருகிறது. இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பார்த்து அல்சைமரைக் கண்டறியலாம் என்கிறார்கள். அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் விடை. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நினைவுத்திறன் சோதனை, மூளைப் படம், வைட்டமின் பி-12, தைராய்டு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களுக்கான பரிசோதனை ஆகியவை முதலில் வர வேண்டும். இரத்தத்தில் அல்சைமரின் சுவடு தேவையென்று மருத்துவர் கருதினால், பாஸ்பேட் ஏற்ற டௌ-217 புரதத்தின் அளவீடு வெகுதூரம் முன்னேறியிருக்கிறது.

நான் தயங்குவதற்குக் காரணம் சொந்த அனுபவம். ஒருமுறை நாங்கள் அளந்த பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) மாதிரிகளில் நோயாளிகளின் குழுவில் மட்டும் மிர்-451 பெருமளவு கூடியிருக்கக் கண்டு, இரண்டு வாரம் மகிழ்ந்திருந்தோம். பின்னர் உறைபெட்டியிலிருந்து குழாய்களை எடுத்து வெள்ளைத் தாளின்மேல் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோதுதான், நோயாளிகளின் குழாய்கள் பல வைக்கோல் நிறத்தில் இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தது கண்ணில் பட்டது. இரத்தம் எடுத்த விதத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. மிர்-451 சிவப்பணுக்களில் நிரம்பியிருக்கும் ஒன்று. நாங்கள் கண்டது மூளையின் சேதியன்று, ஊசியின் சேதி. முதியவர்களின் மெல்லிய இரத்தநாளங்களில் இரத்தம் எடுப்பது கடினம் என்பதால் பிழை ஒரு குழுவிலேயே குவிந்திருந்தது.

கேள்வி: தாவரங்களில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ மாத்திரைகள் மூளைக்கு நல்லது என்று விற்கிறார்களே?

பதில்: வாங்க வேண்டாம். உணவுவழி வரும் ஆர்.என்.ஏ பெரும்பாலும் குடலிலேயே சிதைந்துவிடுகிறது. தாவர மைக்ரோ ஆர்.என்.ஏ விலங்கின் மரபணுவை அடக்குகிறது என்று ஒருகாலத்தில் எழுந்த கூற்றைப் பிறர் செய்த சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை.

கேள்வி (முதுநிலை மாணவி மீண்டும்): மிர்-132 குறைகிறது என்றால், அதையே மருந்தாகச் செலுத்தினால் என்ன?

பதில்: எலிகளின் மூளையில் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். அல்சைமர் மாதிரி எலிகளில் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதும், நினைவுச் சோதனைகளில் தேர்ச்சியும் ஓரளவு மீண்டதாக 2021-இல் வெளிவந்தது. மனிதருக்குக் கொண்டுவருவதில் இரண்டு தடைகள். ஒன்று, மூளைக்குக் கொண்டுசேர்ப்பது. இரத்தத்தில் செலுத்தினால் எட்டாது, எனவே முதுகுத்தண்டு நீரில் ஊசி போட வேண்டும். அமைலாய்டு முன்னோடிப் புரதத்தை அடக்கும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ ஒன்றை இவ்வழியில் மனிதருக்குச் செலுத்தி, ஒரே ஊசியின் பயன் மாதக்கணக்கில் நீடித்ததாக 2023-இல் முதற்கட்ட முடிவுகள் வந்திருப்பதால், இந்தத் தடை உடையக்கூடியதே.

மற்றது கடினம். குறுக்கீட்டு ஆர்.என்.ஏ ஓர் இலக்கோடு முழுமையாகப் பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டது, மைக்ரோ ஆர்.என்.ஏ.வோ நூறு இலக்குகளைத் தொடும். புற்றுநோய்க்காக மிர்-34-இன் செயற்கை வடிவத்தைச் சோதித்த முதல் மனிதச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. மிர்-132-ஐப் பொறுத்தவரை, அதை அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்யும்படி மாற்றிய நலமான எலிகளில் நரம்பிணைப்பு முட்கள் (கிளைகளில் இணைப்பை ஏற்கும் சிறு புடைப்புகள்) பெருகின, ஆனால் முன்பு பார்த்த பொருளை அடையாளம் காணும் திறன் மங்கியது. ஆகையால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று உயிருள்ள நோயாளியிடம் அளக்க வழி வரும்வரை, எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியை மருத்துவர் எவரும் பாதுகாப்பாகத் தீர்க்க இயலாது.