மனை இருக்கிறது, வீடு கட்டலாமா? எப்படிப்பட்ட வீடு? கேள்வி பதில்

மனை வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கட்டட வடிவமைப்பில் இருக்கும் பொறியாளர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரும்பாலான கேள்விகளில் சதுர அடியும் அறை எண்ணிக்கையும்தான் இருந்தன. மண் என்ன, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாரும் எழுதவில்லை. அதனால் சில பதில்கள், கேட்டதற்கு ஒரு படி முன்னாலிருந்தே தொடங்கும்.

கேள்வி: சார், 30க்கு 40 அடி மனை. மூன்று படுக்கையறை, ஹால், சமையலறை, கார் நிறுத்த இடம். எல்லாம் தரைத்தளத்திலேயே வருமா?

பதில்: நெருக்கியடித்துத்தான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மனை 1,200 சதுர அடி. சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். உதாரணத்துக்கு முன்பக்கம் 5 அடி, மற்ற மூன்று பக்கமும் 3 அடி என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 24க்கு 32, அதாவது 768 சதுர அடி. காருக்கு 9க்கு 16 அடி போனால் 624. சுவர்களின் கனமே அதில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆக, புழங்குவதற்குக் கிடைப்பது 550 சதுர அடிக்கும் கொஞ்சம் குறைவு. 10க்கு 10 என்று மூன்று அறை போட்டால் 300 அங்கேயே தீர்ந்தது. மிச்சமுள்ள 250க்குள் ஹால், சமையலறை, கழிப்பறைகள், நடை எல்லாம் அடங்க வேண்டும்.

அந்த 10க்கு 10 அறையையும் நம்பிவிடாதீர்கள். 6க்கு 6½ அடி கட்டிலைப் போட்டு, கால்மாட்டில் 2 அடி ஆழ அலமாரியை வைத்தால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அடிதான் இருக்கும். அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். பிளான் பார்க்கும்போது அறையின் அளவை மட்டும் பார்க்காமல், உங்கள் வீட்டுக் கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் டேப்பால் அளந்து அதே அளவில் வரைந்து தரச் சொல்லுங்கள்.

நானாக இருந்தால் கீழே ஒரு படுக்கையறையும் கழிப்பறையும், மாடியில் இரண்டு அறையும் வைப்பேன். மாடிப்படிக்குச் சுமார் 80 சதுர அடி போகும். ஒரு படி 7 அங்குல உயரம், மிதி 10 அங்குலம் என்ற வசதியான கணக்கில் சொல்கிறேன். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று படியைச் செங்குத்தாக்கினால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் தினமும் கஷ்டப்படுவார்கள்.

கேள்வி: அண்ணா, வேலை வேறு ஊரில். இன்னும் பத்து வருஷத்துக்குத் திரும்புவதாக இல்லை. மனை சும்மா கிடக்கிறதே, கடன் வாங்கியாவது ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விடச் சொல்கிறார்கள்.

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். வருஷ வாடகையிலிருந்து வரி, பராமரிப்பு, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் இவற்றைக் கழியுங்கள். வருவதைக் கடனுக்குக் கட்டப்போகும் வட்டியோடு ஒப்பிடுங்கள். பல இடங்களில் வட்டிதான் பெரிதாக நிற்கும். காலி மனை பத்து வருஷம் கழித்தும் அதே மனைதான். பத்து வருஷ வீட்டுக்கோ பெயிண்ட், குழாய், மொட்டைமாடி ஒழுகல் என்று செலவு காத்திருக்கும். அதற்குள் உங்கள் தேவையும் மாறியிருக்கும்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல்: அஸ்திவாரம் போடும் நாளும், தளம் போடும் நாளும் உங்கள் சார்பில் விவரம் தெரிந்த ஒருவர் அங்கே நிற்க வேண்டும். போனில் படம் பார்த்துக் கட்டுகிற வீட்டில் கம்பியும் சிமெண்ட் கலவையும் எப்படிப் போயின என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மனையைச் சும்மா போட்டுவைக்கவும் வேண்டாம். சர்வே செய்து நாலு மூலையிலும் கல் நட்டு, வேலி போட்டுவிடுங்கள். பலத்த மழை பெய்கிற ஒரு நாளில் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, பக்கத்துச் சுற்றுச்சுவர்களில் பழைய வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை விற்றவரோ தரகரோ சொல்லமாட்டார்.

கேள்வி: ஐயா, எங்கள் மனையில் வெயில் காலத்தில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடிக்கிறது. பக்கத்து வீடுகளில் சுவரெல்லாம் கீறல். மனையை விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டியதில்லை. ஆனால் மற்றவர்கள் கட்டுகிற மாதிரி இங்கே கட்டக் கூடாது. இது கரிசல் வகைக் களிமண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீடு முழுவதும் ஒரே சீராக ஏறி இறங்கினால் பரவாயில்லை, அப்படி நடக்காது. வெளிச்சுவருக்கு அடியிலுள்ள மண்தான் முதலில் நனையும், முதலில் காயும். வீட்டின் நடுவிலுள்ள மண் பெரிதாக மாறாது. ஓரம் ஏறி இறங்க, நடு அப்படியே நிற்க, இடையில் சுவர் கிழிகிறது.

பக்கத்து வீட்டுக் கீறல்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பூச்சில் மட்டும் வலைபோல மெல்லிய கோடுகள் இருந்தால் அது பூச்சு வேலையின் குறை, மண்ணோடு சம்பந்தமில்லை. ஜன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் இணைப்புகள் வழியாகப் படிப்படியாகச் சாய்வாக இறங்கினால் அஸ்திவாரம் அசைகிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் கீறல் மூடி, வெயிலில் மறுபடி திறந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஈரம் ஏறி இறங்காத ஆழத்துக்கு அஸ்திவாரத்தைக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் அண்டர்ரீம் பைல் போடுவார்கள். குறுகலாகத் துளை போட்டு, அடியில் மட்டும் அதன் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பிக்கூடு இறக்கிக் காங்கிரீட் நிரப்புவது. அந்தக் குமிழ் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மேல்மண் உப்பினாலும் பைலைத் தூக்க விடாது. பைல்களின் தலையை இணைக்கும் பீமுக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் உப்பும் மண் பீமை நெம்பும். போர்டிகோவையும் படிக்கட்டையும் செலவு மிச்சம் என்று மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டு ஒட்டவைக்காதீர்கள். நான் பார்த்தவரை இந்த மண்ணில் முதலில் பிரிவது அந்த ஒட்டு இடம்தான்.

வீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரியும் தளம் போடுங்கள். சுவரோரம் செடி வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வீட்டின் வடிவத்துக்கும் இதில் பாடம் உண்டு. ஆழமான அஸ்திவாரம் செலவு பிடிக்கும். ஆகவே தரையில் பரப்பாமல், சின்ன இடத்தில் இரண்டு தளமாக எழுப்புவது உங்களுக்கு லாபம். கெட்டியான மண்ணில் பெரிய மனை வைத்திருப்பவர் இதற்கு நேர்மாறாக, ஒரே தளமாகப் பரப்பிக் கட்டலாம்.

கேள்வி: சின்ன வீட்டுக்கெல்லாம் மண் பரிசோதனை தேவையா?

பதில்: தேவை. மொத்தச் செலவில் அது மிகச் சின்னப் பங்கு. அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: மூன்றடி ஆழத்திலிருந்து எடுத்த மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் தங்கிவிடும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்து, மேலே கொழகொழவென்று தடித்த அடுக்கு படிந்தால் களி அதிகம். இது ஒரு குறிப்புதான். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

கேள்வி: பள்ளமாக இருந்த இடத்தை மண் கொட்டி நிரப்பி மனை போட்டிருக்கிறார்கள். உடனே கட்டலாமா?

பதில்: கொட்டிய மண்மேல் கட்டக் கூடாது. லாரி லாரியாகக் கொட்டிச் சமப்படுத்திய மண் பல வருஷத்துக்கு அமுங்கிக்கொண்டே இருக்கும். மனையில் இரண்டு இடத்தில் ஆறடிக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரைப் பாருங்கள். செங்கல் துண்டு, பிளாஸ்டிக், வேர்க்குச்சி கலந்து நிறம் நிறமாக அடுக்கு தெரியும்வரை நிரப்பிய மண். அதற்குக் கீழே ஒரே நிறத்தில், கடப்பாரையைச் சிரமப்படுத்தும் மண் வருகிறதே, அஸ்திவாரம் அங்கே உட்கார வேண்டும். அந்த மண் 12 அடியில்தான் கிடைக்கிறது என்றால், மனை மலிவாகக் கிடைத்த லாபமெல்லாம் அஸ்திவாரத்திலேயே போய்விடும். வாங்குவதற்கு முன்னால் குழி வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் தயங்கினால் யோசியுங்கள்.

கேள்வி: பில்லர் போட்டால்தான் வீடு நிற்கும் என்கிறார் மேஸ்திரி. எங்கள் தாத்தா வீட்டில் பில்லரே கிடையாது.

பதில்: தாத்தா வீடு சரியாகத்தான் நிற்கிறது. மண் கெட்டியாக இருந்து, மேல்மாடிச் சுவர் கீழ்ச்சுவரின் மேலேயே உட்கார்ந்தால், 9 அங்குலச் செங்கல் சுவர் இரண்டு தளத்தைத் தாங்கும். கம்பியும் காங்கிரீட்டும் நிறைய மிச்சமாகும். கீழே முழுக்கக் கார் நிறுத்த வேண்டும், இரண்டு தளத்துக்கு மேல் போக வேண்டும், பின்னாளில் சுவரை எடுத்து அறையைப் பெரிதாக்க வேண்டும், மண் பலவீனம் என்றால் பில்லர், பீம் வைத்துக் கட்டுங்கள். நிலநடுக்கம் வரக்கூடிய இடங்களில் சுவர் வீட்டுக்கு பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலின் மேல்மட்டம்), தளம் மூன்று மட்டத்திலும் வீட்டைச் சுற்றிக் கம்பி போட்ட காங்கிரீட் பட்டை கட்டாயம்.

எனக்குப் பயம் தருவது கணக்கே போடாமல் நிறுத்துகிற பில்லர்தான். 9க்கு 9 அங்குலத்தில் நாலு கம்பியைக் கட்டி, அந்தக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கை ஏதோ ஒரு இடைவெளியில் மாட்டிவிடுவார்கள். காங்கிரீட் போடுவதற்கு முன்னால் ரிங்கின் முனையைப் பாருங்கள். இரண்டு முனையும் 135 டிகிரிக்கு உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். வெறும் எல் வடிவத்தில் 90 டிகிரியில் விட்டிருந்தால், கட்டடம் குலுங்கும்போது ரிங் விரிந்து, உள்ளே இருக்கும் கம்பி வெளியே பிதுங்கிவிடும். பிரித்து மறுபடி மடக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: இப்போது ஒரு தளம், பிறகு மாடி என்று எண்ணம். மேலே கம்பியை நீட்டிவிட்டால் போதுமா?

பதில்: கம்பி கடைசி விஷயம். அஸ்திவாரத்தை இன்றே இரண்டு தளத்துக்குக் கணக்கிட்டுப் போட வேண்டும், பிறகு அதைத் தடிமனாக்குவது எளிதில்லை. படி வரும் இடம், மாடிக் கழிப்பறைக் குழாய் இறங்கும் இடம் எல்லாம் இப்போதே பிளானில் இருக்கட்டும். கம்பியை வெறுமனே விட்டால் துருப்பிடித்து மெலியும். சிமெண்ட் பால் பூசி, சிமெண்ட் குறைவாகக் கலந்த காங்கிரீட்டால் மூடிவையுங்கள். மாடி எடுப்பது உறுதியில்லை என்றால் ஒரு தளத்துக்கே நன்றாகக் கட்டி முடியுங்கள்.

கேள்வி: சரக்குக் கன்டெய்னரை வாங்கி வீடாக மாற்றினால் சீக்கிரம் முடியுமாமே?

பதில்: சீக்கிரம் முடியும். உள் அகலம் சுமார் 7 அடி 8 அங்குலம். வெயில் தாங்க இரண்டு பக்கமும் வெப்பத்தடுப்பும் பலகையும் அடித்தால் 7 அடியை ஒட்டித்தான் மிஞ்சும். அதில் கட்டில் போட்ட பிறகு என்ன இடம் இருக்கும் என்று பாருங்கள். பெரிய ஜன்னலுக்காகப் பக்கத் தகட்டை வெட்டினால் இரும்புச் சட்டம் வைத்து பலப்படுத்த வேண்டும், நெளிவுத் தகடும் பாரத்தில் பங்கு எடுக்கிறது. பல கன்டெய்னர்களின் மரத்தளம் பூச்சிமருந்து ஏற்றியது, அதைக் கழற்றி மாற்றுங்கள். நாளைக்கு வேறிடம் கொண்டுபோக வேண்டும் என்றால் பொருத்தம். நிரந்தர வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: சிமெண்டைக் குறைத்துக் கட்ட ஆசை. மண் கல், எலிப்பொறிக் கட்டு என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம், எனக்கும் பிடித்த முறைகள். மண்ணோடு 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை. ஆனால் மணல் தூக்கலான மண் வேண்டும், வெடிக்கும் களிமண் ஆகாது. சுவர் நனையாமல் இரண்டடிக்குக் குறையாமல் கூரையை வெளியே நீட்டுங்கள், பேஸ்மட்டத்தை உயர்த்துங்கள்.

எலிப்பொறிக் கட்டில் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டு 9 அங்குலச் சுவர் எழுப்புவார்கள். கேரளத்தில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை. கால்வாசிச் செங்கல் மிச்சம், உள்ளே சூடும் குறையும். செங்கல் ஒரே அளவில் இருக்க வேண்டும், மின்குழாய் எங்கே போகும் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். இதைக் கட்டிப் பழகிய கொத்தனார் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மனை மேற்குப் பார்த்தது. வீடு வெந்துவிடுமா?

பதில்: வாசல் மேற்கே இருப்பதில் தவறில்லை. சாயங்கால வெயில் தாழ்ந்து வருவதால் சன்ஷேட் அதைத் தடுக்காது. மேற்குச் சுவரோரம் மாடிப்படி, கழிப்பறை, சாமான் அறை இவற்றை வைத்துப் படுக்கையறையை உள்ளே தள்ளுங்கள். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு சுவரில் ஜன்னல் வேண்டும்.

கேள்வி: மனையில் பெரிய மரம் இருக்கிறது. வெட்ட மனசு வரவில்லை.

பதில்: வெட்டாதீர்கள், வீட்டைத் தள்ளிக் கட்டுங்கள். களிமண் என்றால் மரத்தின் முழு உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளியிருந்தால் நல்லது, வேர் ஈரத்தை இழுப்பதால் மண் சுருங்கும். மணற்பாங்கான நிலத்தில் இவ்வளவு கவலை இல்லை.

கேள்வி: அப்பா அம்மா கூட இருப்பார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கீழ்த்தளத்தில் அவர்களுக்கு அறையும் கழிப்பறையும். கழிப்பறைக் கதவு 3 அடி அகலம், வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் தேவை. கைப்பிடி பிறகு மாட்டலாம், ஆனால் அந்தச் சுவர் கெட்டியானதாக இருக்கட்டும்.

கேள்வி: நண்பர் கட்டிய வீடு பிடித்திருக்கிறது. அதே பிளானில் கட்டலாமா?

பதில்: அறைகளின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி, அஸ்திவார வரைபடத்தை எடுக்காதீர்கள், அது அவருடைய மண்ணுக்குப் போட்ட கணக்கு. அவருடைய தெரு எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்பதும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே 50 அடியாவது வேண்டும். பக்கத்து மனைக்காரருடைய டேங்கையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். மனையின் நாலு பக்க அளவு, தெருவுக்கும் மனைக்கும் உள்ள மட்ட வித்தியாசம், மண் பரிசோதனை அறிக்கை மூன்றும் கைக்கு வந்ததும் அனுப்புங்கள். நண்பர் வீட்டுப் பிளானில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.