இரண்டு ரூட்டர்களுக்கு இடையே எத்தனை கேபிள்?

கேள்வி: எங்கள் ஒளிபரப்புக் கூடத்தில் கேமராக்கள் உள்ளிட்ட 20 வீடியோ மூலங்கள் ஒரு எஸ்டிஐ ரூட்டரிலும் (எஸ்டிஐ கேபிளில் வரும் எந்தப் படத்தையும் எந்த வெளியீட்டுக்கும் திருப்பிவிடும் கருவி), திரைகளும் பதிவுக் கருவிகளுமாக 10 சேருமிடங்கள் இன்னொரு ரூட்டரிலும் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டுக்கும் இடையே 4 கேபிள்கள் உள்ளன. ஒருவர் தமக்கு வேண்டிய கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது சில வேளைகளில் வேறொருவரின் திரையில் இருந்த படமும் மாறிவிடுகிறது. கேபிள்களைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: நீங்கள் சொல்லும் கோளாறு கேபிள்களின் எண்ணிக்கையால் வருவதன்று. எந்தக் கேபிள் யாருடைய பயன்பாட்டில் இருக்கிறது என்பதைக் கணக்கு வைத்துக்கொள்ள ஆளோ மென்பொருளோ இல்லாததால் வருவது. கருவிகளை இயக்குபவர்கள் இரு ரூட்டர்களையும் தனித்தனியே கையால் மாற்றும்போது, ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்தும் கேபிளையே மற்றவரும் அறியாமல் எடுத்துக்கொள்கிறார்.

ஆகவே முதலில் அந்த 4 கேபிள்களையும் ரூட்டர் கட்டுப்பாட்டு மென்பொருளில் டை-லைன்களாக, அதாவது இரு ரூட்டர்களையும் இணைக்கும் பொதுப் பாதைகளாக, பதிவு செய்யுங்கள். முதல் ரூட்டரின் எந்த வெளியீடு இரண்டாம் ரூட்டரின் எந்த உள்ளீட்டில் சேருகிறது என்பதை வரைபடத்தை மட்டும் நம்பி எழுதாமல், ஒவ்வொரு கேபிளிலும் அடையாள எழுத்துடன் கூடிய வண்ணப்பட்டைச் சோதனைப் படத்தை அனுப்பிச் சரிபார்ப்பது மிக முக்கியம். ஒரு எண் தவறினாலும் மென்பொருள் தயங்காமல் தவறான படத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். பதிவு முடிந்ததும் அந்த உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் இயக்குபவர்களின் பொத்தான் பேனல்களிலிருந்து மறைத்துவிட வேண்டும். அதன்பின் ஒருவர் கேமராவையும் திரையையும் மட்டுமே தேர்ந்தெடுப்பார். இடையில் காலியாக உள்ள பாதையைப் பிடித்து இரு ரூட்டர்களையும் மாற்றுவதும், அதைப் பார்க்கும் கடைசித் திரை விலகியவுடன் பாதையை விடுவிப்பதும் மென்பொருளின் வேலை.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஒரே கேமராவை இரண்டாம் ரூட்டரில் 6 திரைகள் பார்த்தாலும் ஒரு கேபிளே போதும், ஏனெனில் படம் அங்கே போன பிறகுதான் பிரிகிறது. ஒரே நேரத்தில் எத்தனை வெவ்வேறு படங்கள் கடக்க வேண்டும் என்பதே கேள்வி. உங்களிடம் சேருமிடங்கள் 10 என்பதால் 10 கேபிள்கள் இருந்தால் எக்காலத்திலும் தடை நேராது, 20 தேவையில்லை. நான்கே போதுமென்று முடிவு செய்தால், நேரலைக்குச் செல்லும் பாதையை மட்டும் யாரும் பறிக்க முடியாதபடி பூட்டி ஒதுக்கிவிடுங்கள். இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எஸ்டிஐ கேபிளில் படம் ஒரு திசையில்தான் செல்லும் என்பதால், எதிர்த்திசைக்குத் தனிக் கேபிள்கள் வேண்டும்.

இரு ரூட்டர்களுக்கும் ஒரே ஒத்திசைவு சிக்னலைக் கொடுங்கள்; இல்லையெனில் மாற்றும் கணத்தில் படம் துள்ளும். பாதையில் ஒரு கருவி மட்டும் நொடிக்கு 1.485 கிகாபிட் வேகத்துக்கே உரியதாக இருந்தாலும், 2.97 கிகாபிட் தேவைப்படும் 1080பி 50 (நொடிக்கு 50 முழு ஃபிரேம்கள்) படம் அதைக் கடக்காது.

கேள்வி: இரண்டு வீடியோ சுவிட்சர்களின் (பல படங்களிலிருந்து ஒளிபரப்புக்கானதைத் தேர்ந்தெடுக்கும் கருவிகள்) நிகழ்ச்சி வெளியீடுகளையும், அதாவது இறுதிப் படங்களையும், ஒன்றுக்கொன்று கொடுத்திருக்கிறோம். சில நேரங்களில் படத்துக்குள் படம் முடிவில்லாமல் தெரிகிறது. ஏன்?

பதில்: முதல் சுவிட்சர் இரண்டாவதன் படத்தை எடுக்கும் அதே நேரத்தில் இரண்டாவதும் முதலாவதன் படத்தை எடுத்தால், படம் தன்னையே மீண்டும் மீண்டும் சுற்றிவரும். நிகழ்ச்சி வெளியீட்டுக்குப் பதிலாக, எதிர்ச் சுவிட்சரின் படம் எவ்வகையிலும் சேராத ஆக்ஸ் வெளியீட்டை (தனியாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய துணை வெளியீடு) ஒதுக்கி அனுப்புங்கள். நடுவே ஃபிரேம் சின்க்ரனைசர் (வரும் படத்தைக் கூடத்தின் ஒத்திசைவுக்குப் பொருத்தும் கருவி) இருந்தால், நொடிக்கு 25 ஃபிரேம் முறையில் அது ஒரு ஃபிரேம், அதாவது 40 மில்லிநொடி வரை படத்தைத் தாமதப்படுத்தக்கூடும். ஒலி தனி வழியில் செல்லுமானால் அதையும் அதே அளவு தாமதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் உதட்டசைவுக்கு முன்பே குரல் கேட்கும்.