தம்பி வீட்டு முனையில் தேங்கும் தண்ணீர்

கேள்வி: நான் மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வேப்பம்பட்டு பக்கம் ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். ஊராட்சிப் பகுதி. 46 வீடுகள், நான்கு தெருக்கள், எல்லாமே மண் சாலை. எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு ஆறு வருடமாக நான்தான் செயலாளர். வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் வசூல் செய்து, மழைக்காலம் முடிந்ததும் கிராவல் கொட்டி ஜேசிபி வைத்துப் பரப்புகிறோம். அடுத்த மழையில் எல்லாம் கரைந்துவிடுகிறது. தண்ணி லாரிகள் வேறு பாடாய்ப் படுத்துகின்றன. 28 வீடுகள்தான் காசு தருகின்றன. கடைசி வீட்டில் தையல் வேலை செய்யும் அம்மா மட்டும் கேட்காமலே முதல் தேதி கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மற்றவர்களிடம் நடையாய் நடக்க வேண்டும். என் தம்பியும் இங்கேதான், முதல் குறுக்குத் தெரு முனை வீடு. அப்பா போன பிறகு நான் படிக்க வைத்து ஆளாக்கியவன். அவன் பங்கை நானே போட்டுவிடுவதால் அதில் சிக்கல் இல்லை. காசு தராதவர்கள்தான் வாட்ஸ்அப் குரூப்பில் அதிகம் பேசுகிறார்கள். முதல் குறுக்குத் தெரு முனையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் போட்டோவைப் போட்டு, 'செயலாளர் எங்கே?' என்கிறார்கள். அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஊராட்சியில் போய்க் கேட்டால், தலைவர் இல்லை, தனி அலுவலரைப் பாருங்கள் என்றார்கள். 'விட்டுத்தொலையுங்கள்' என்கிறாள் மனைவி. ராஜினாமா செய்துவிடட்டுமா? ஊருக்கு உழைத்தவனுக்கு இதுதான் மரியாதையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் 'முதல் குறுக்குத் தெரு முனை' இரண்டு இடத்தில் வருகிறது. முதலில் தம்பி வீடு இருக்கும் இடமாக. அப்புறம் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடமாக. இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் எழுத உங்களுக்குக் கை வரவில்லை.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முனை வீட்டு கேட்டுக்கு முன்னால் சிமென்ட் ரேம்ப் ஒன்று தெருவுக்குள் நான்கு அடியாவது நீண்டிருக்கிறது. கார் ஏறுவதற்காக வரிவரியாகக் கீறிய கனமான ரேம்ப். தெருவோரம் வரும் மண் வாய்க்கால் அந்த ரேம்ப்பின் பக்கவாட்டில் முட்டி அப்படியே நின்றுவிடுகிறது. அடியில் குழாய் எதுவும் தெரியவில்லை. பால் பாக்கெட்டும் தென்னை மட்டையும் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கின்றன. போட்டோ எடுத்தவருக்கு அது தம்பி வீடு என்று தெரியாதா? 46 வீட்டுக்கும் தெரியும். 'செயலாளர் எங்கே?' என்று அவர்கள் கேட்பதற்கு என்ன அர்த்தம் என்பது உங்களுக்கும் தெரியும்.

திருநின்றவூர், கூடுவாஞ்சேரி, படப்பை என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறி இதே கடிதம் எனக்குப் பல வருடமாக வந்துகொண்டிருக்கிறது. காசு தராதவர்கள் பட்டியலைச் செயலாளர்கள் மறக்காமல் இணைத்து அனுப்புவார்கள். அந்தப் பட்டியலில் செயலாளரின் சொந்தக்காரர் பெயரை நான் பார்த்ததே இல்லை.

'அவன் பங்கை நானே போட்டுவிடுவதால் சிக்கல் இல்லை' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். மாதம் 300 என்றால் ஆறு வருடத்துக்கு 21,600 ரூபாய். ரசீது யார் பெயரில் கிழித்தீர்கள்? தம்பி பெயரில்தான் இருக்கும். அப்படியானால் 28 வீடு தருகிறது என்று நீங்கள் சொல்வது தவறு. 27 வீடுதான் தருகிறது. ஒரு பைசாவை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நம்புகிறேன். ஆனாலும் தராதவர் தந்ததாக ஆறு வருடம் கணக்கு எழுதி, அதை உறுப்பினர்கள் முன் வைத்திருக்கிறீர்கள். தையல் மெஷின் மிதித்துச் சம்பாதித்த காசை அந்த அம்மா உங்கள் வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார். கார் வைத்திருக்கிற தம்பியிடம் அவர் வாசலிலேயே போய்க் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. இதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டும்.

தம்பிக்காக நீங்கள் போடும் காசு உங்கள் மனைவிக்குத் தெரியுமா? தெரியும் என்று எழுதாததால், தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஓய்வூதியம் உங்கள் பெயரில் வரலாம், ஆனால் அது அந்த வீட்டுப் பணம். நீங்கள் வேலைக்குப் போன காலமெல்லாம் வீட்டைச் சுமந்தவருக்கு அதில் சரிபாதி உரிமை உண்டு. அவருக்குச் சொல்லாமல் கொழுந்தன் கணக்கை அடைப்பது தவறு. முதலில் அவரிடம் சொல்லுங்கள். தம்பியிடம் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

படிக்க வைத்தீர்கள், ஆளாக்கினீர்கள். அது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தகப்பன் ஸ்தானத்தில் நின்றவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. தெருவில் நாலு பேர் நம் பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், வீட்டுக்குள் நாமே அவனிடம் பேசிவிட வேண்டும். அதை நீங்கள் செய்யவில்லை. உங்களிடம் நேரே சொல்லத் தயங்கியவர்கள் குரூப்பில் போட்டோவாகப் போட்டார்கள். தம்பி பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து, 46 வீடும் அவரைப் பேசும்படி விட்டுவிட்டீர்கள். குடும்ப பாசம் என்ற பெயரில் நடக்கும் இந்த மூடிமறைப்பு எனக்கு ஒருநாளும் ஒப்பாது.

இனி சாலைக்கு வருவோம். வருடாவருடம் கிராவல் ஏன் கரைகிறது என்று கேட்கிறீர்கள். சாலையைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். வண்டி ஓடிக் கெடுவதைவிட, தண்ணீர் தேங்கி அடிமண் ஊறிக் கெடுவதுதான் அதிகம். ஊறிய மண்ணில் 12,000 லிட்டர் லாரி ஏறுகிறது. தண்ணீரின் எடை மட்டுமே 12 டன், லாரியின் எடை தனி. சக்கரம் பதிந்த தடத்தில் மறுபடி தண்ணீர் நிற்கும். சென்னைப் பக்கம் வருட மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. அந்த மூன்று மாதமும் தண்ணீர் ஓட வழியில்லை என்றால் எத்தனை லோடு அடித்தாலும் வீண்தான்.

கிராவல் சாலை நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் சரிவு என்பது கிராமச் சாலைகளுக்குப் பொறியாளர்கள் வைக்கும் அளவு. ஜேசிபி வாளியால் பரப்பினால் சாலை தட்டாகத்தான் இருக்கும், இறுகவும் இறுகாது. மெல்லிய அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். நான்கு லோடைக் குறைத்து ஒரு நாள் ரோலர் வாடகைக்கு எடுங்கள். வீடு இடித்த செங்கல் கழிவை யாராவது இலவசமாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், அது ஒரே மழையில் சேறாகிவிடும். லாரியை அடியோடு தடுக்க உங்களால் முடியாது, தண்ணீர் இல்லாமல் யாரும் இருக்க முடியாதே. மழை விட்டு ஈரம் காயும்வரை சின்ன லாரி மட்டும் என்று கூட்டத்தில் முடிவு செய்யலாம். கேட்பார்களா? செயலாளரின் தம்பி வீட்டு ரேம்ப் இருக்கிறவரை கேட்க மாட்டார்கள்.

ஆக முதல் வேலை அந்த ரேம்ப். மனைப்பிரிவு அங்கீகரித்ததா என்று பாருங்கள். அங்கீகரித்தது என்றால் சாலைகளைத் தானப்பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த நான்கு அடி ஊராட்சிச் சொத்து, தம்பி மனையில் சேர்ந்ததல்ல. அவர் வீட்டுக்குப் போங்கள், ரசீது புத்தகம் வேண்டாம். அவர் மனைவியும் இருக்கும்போது பேசுங்கள். 'இந்த மாசத்துலேருந்து உன் பங்கை நான் போட மாட்டேன்டா. ரேம்ப்பை கேட்டுக்கு உள்ளே தள்ளிக் கட்டிக்கோ, செலவு உன்னுது' என்று சொல்லிவிட்டு வாருங்கள். உள்ளே இடமில்லை என்றால் அடியில் சிமென்ட் குழாய் பதிக்கலாம். ஆனால் குழாயில் மணல் அடைக்கும், ஒவ்வொரு மழைக்கு முன்பும் அவரே வாரிவிட வேண்டும். கோபப்படுவார். ஒரு பொங்கலுக்கு வராமலும் இருப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் மூத்தவர். செலவை நானே தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு பொதுக்குழுவைக் கூட்டி, ஆறு வருடக் கணக்கில் தம்பி பெயரில் இருப்பது நீங்கள் போட்ட பணம் என்று எழுந்து நின்று சொல்லுங்கள். அதை நன்கொடை என்று திருத்தி எழுதித் தீர்மானம் போடுங்கள். பாக்கி வைத்திருக்கும் வீடுகளுக்குப் பிறகு நோட்டீஸ் கொடுங்கள், அப்போது அவர்களுக்குப் பேச வாய் இருக்காது.

சங்கத்தைப் பதிவு செய்ததாக நீங்கள் எழுதவில்லை. தமிழ்நாட்டின் 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி 20 உறுப்பினர்களோ, வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வரவு செலவோ வந்தாலே பதிவு செய்தாக வேண்டும். உங்களுக்கு இரண்டுமே தாண்டிவிட்டது. பதிவு இருந்தால் வருடாந்தரக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

ஊராட்சி விஷயத்தில் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. திருவள்ளூர் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, அதன் பிறகு தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான். ஆனால் தலைவர் இல்லை என்பதால் ஊராட்சியின் கடமை போய்விடாது. சாலை போடுவதும் பராமரிப்பதும் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் உள்ள கடமை. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரும் என்று சிலர் காத்திருப்பார்கள். 2022-ல் அதன் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது உண்மை. அது திட்டமிடும் அமைப்பு, உங்கள் தெருவுக்கு ரோலர் அனுப்பாது. தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலரிடமே மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கிராம சபைகள் உண்டு. ஒன்றுக்காவது 46 வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தீர்மானம் எழுத வையுங்கள். பெண்களை அழைத்துப் போங்கள், சேற்றில் ஸ்கூட்டியைத் தள்ளுகிறவர்கள் அவர்கள்தான்.

'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். ஆறு லட்சம் ரூபாய் வேலைக்கு நீங்கள் இரண்டு லட்சம் திரட்ட வேண்டும். 46 வீடும் தந்தால் ஒரு வருடச் சந்தாவே 1,65,600 ரூபாய். அந்தப் பணத்தைத் திரட்ட ஊரில் ஒருவர் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும்.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். அந்த ரேம்ப்பை உடைக்கும் நாளில் தெருவே வந்து நின்று பார்க்கும். அன்றிலிருந்து உங்களை யாரும் குரூப்பில் தேட மாட்டார்கள்.

ராஜினாமாவை இப்போது ஏற்க மாட்டேன். இன்று விலகினால், தம்பி விஷயத்தை அடுத்து வருகிறவர் தலையில் கட்டிவிட்டுப் போவதாகத்தான் ஆகும். அண்ணன் சொல்லிக் கேட்காத ஆளிடம் அவர் என்ன சொல்ல முடியும்? ரேம்ப்பை எடுத்து, கணக்கைத் திருத்தி, ஒரு மழைக்காலம் அந்த முனையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பொதுக்குழுவில் விலகுங்கள். புதிய செயலாளரிடம் ரசீது புத்தகம், வங்கிப் புத்தகம், மனைப்பிரிவு வரைபடம், தானப்பத்திர நகல் எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.