பெல்ஜியம்–நெதர்லாந்து கார்ப் பயணம்: வாசகர் கேள்விகள்

விடுமுறைக் காலக் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பதில்களுக்கு முன் ஒரு வேண்டுகோள், போன முறையும் சொன்னதுதான். கார் எந்த நாட்டு நம்பர் பிளேட், டீசலா பெட்ரோலா, சொந்த வண்டியா வாடகையா என்று எழுதுங்கள். அது இல்லாமல் நான் என்ன பதில் சொல்ல?

பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ், ஆன்ட்வெர்ப் வழியாக ஆம்ஸ்டர்டாம் போகிறோம். பிரெஞ்சு நம்பர், டீசல். கண்ணாடியில் க்ரிட்ஏர் ஸ்டிக்கர் இருக்கிறது. போதும்தானே?
– வாசகர், லா கூர்னவ்

போதாது. பிரான்ஸின் அந்த மாசு ஸ்டிக்கருக்கு பெல்ஜியத்தில் ஒரு மதிப்பும் இல்லை. அங்கே கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துப் பட்டியலில் தேடும், அவ்வளவுதான். பிரஸ்ஸல்ஸ், ஆன்ட்வெர்ப், கென்ட் மூன்றிலும் குறைந்த மாசு மண்டலம், அதாவது அதிகம் புகை விடும் பழைய வண்டிகளைத் தடுக்கும் பகுதி, உண்டு. உங்களுடையது போன்ற பிரெஞ்சு வண்டியும், ஜெர்மன் வண்டியும் உள்ளே நுழையும் முன் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இலவசம். செய்யாவிட்டால் வரும் அபராதம் இலவசம் அல்ல. உங்கள் கார்த் க்ரீஸில் (பிரெஞ்சு வண்டிப் பதிவுச் சான்று) வி.9 கட்டத்தைப் பாருங்கள், யூரோ தரம் (வண்டியின் மாசு வகை) அங்கே இருக்கும். பழைய தரம் என்றால் பதிவு மட்டும் போதாது.

ஊருக்குள் போகாமல் தாண்டிப் போவதுதான் நோக்கம் என்றால் கவலை வேண்டாம். பிரஸ்ஸல்ஸின் ஆர்0 வட்டச் சாலையும் ஆன்ட்வெர்ப்பின் ஆர்1-உம் மண்டலத்துக்கு வெளியே. ஆம்ஸ்டர்டாமில் ஏ10 வட்டத்துக்குள் பழைய டீசலுக்குத் தடை இருக்கிறது. காரை வட்டத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள், எப்படியும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டு நாட்டிலும் விக்னெட் எங்கே வாங்குவது?
– வாசகி, ஸ்டுட்கார்ட்

காருக்கு விக்னெட், அதாவது நெடுஞ்சாலைக் கட்டண ஸ்டிக்கர், கிடையாது. அது ஸ்விஸ், ஆஸ்திரியா சமாச்சாரம். டோல் வாங்கும் சுரங்கங்கள் ஒன்றிரண்டு உண்டு. ஆன்ட்வெர்ப் துறைமுகப் பக்கம் லீஃப்கென்ஸ்ஹுக், டோர்ட்ரெக்ட் அருகே கில் சுரங்கம். ரோட்டர்டாம் பக்கம் இருக்கும் ஏ24 பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

அப்பா அம்மா சென்னையிலிருந்து நெதர்லாந்து விசாவில் வந்திருக்கிறார்கள். சிங்கிள் என்ட்ரி. ப்ரூஜ் கூட்டிப் போய்த் திரும்பலாமா?
– வாசகி, ஆம்ஸ்டல்வேன்

தாராளமாக. இரண்டும் ஷெங்கன், அதனால் அது வெளியேறுவதாகக் கணக்கில் வராது. ஆனால் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 டிசம்பரில் நெதர்லாந்து தன் எல்லைகளில் திடீர்ச் சோதனையைத் தொடங்கியது. நிறுத்தினால் போனில் இருக்கும் படம் உதவாது. அப்படியே லண்டனையும் பார்த்துவிடலாமே என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அது வேறு விசா, திரும்பி வரவும் முடியாது.

இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்திய லைசென்ஸும் சர்வதேச பர்மிட்டும் இருக்கின்றன. வாடகைக் காரில் பெல்ஜியம் போகலாமா?
– வாசகர், டெல்ஃப்ட்

கூடாது. நகராட்சியில் பதிவு செய்த நாளிலிருந்து 185 நாள்தான் அந்த லைசென்ஸ் செல்லும். அது கடந்துவிட்டது. அதன் பிறகு சர்வதேச பர்மிட் வெறும் காகிதம். வாடகைக் கார் நிறுவனம் கவனிக்காமல் சாவியைக் கொடுத்துவிடலாம். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் கவனிக்காமல் விடாது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கான 30 சதவீத வரிச் சலுகை உங்களுக்கு இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் தேர்வு எதுவும் இல்லாமல் டச்சு லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம், உடன் வசிக்கும் துணைக்கும் சேர்த்து. இல்லையென்றால் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. அதுவரை ரயில்.

ஆன்ட்வெர்ப்பிலிருந்து பிரேடா வரும்போது 118-இல் வந்தேன். பகல் நேரம், சாலை காலி. அபராதம் வந்திருக்கிறது. 120 தானே வேகம்? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?
– வாசகர், கொலோன்

120 என்பது பெல்ஜியத்தில். எல்லை தாண்டிய நொடியில் நீங்கள் நெதர்லாந்தில் இருக்கிறீர்கள். அங்கே 2020 மார்ச்சிலிருந்து காலை 6 முதல் மாலை 7 வரை பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் 100-க்கு மேல் கிடையாது. நைட்ரஜன் மாசைக் குறைக்கக் கொண்டுவந்த விதி. இரவில் சில சாலைகளில் 120, 130 உண்டு, பலகையில் நேரத்தோடு போட்டிருப்பார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஊருக்கு வெளியே ஃப்ளாண்டர்ஸில் 70, வலோனியாவில் 90, நெதர்லாந்தில் 80. பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் நகரத் தெருக்களில் பெரும்பாலும் 30. சாலை காலியாக இருந்தது என்பதைக் கேமராவிடம் சொல்லிப் பயனில்லை.

கட்டாமல் விட்டால் முதலில் ஒன்றரை மடங்கு ஆகும், அப்புறமும் கட்டாவிட்டால் இன்னும் ஏறும். உங்கள் முகவரி ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது, அதனால்தான் கடிதமே வந்தது. கட்டிவிடுங்கள். கேமராவைக் கண்டுபிடிக்கும் கருவி வாங்கலாமா என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு நாட்டிலும் சட்டவிரோதம்.

வார இறுதியில் கென்ட், ப்ரூஜ் போகிறோம். டச்சு நம்பர் கார். கென்ட்டில் கோரன்மார்க்ட் பக்கத்திலேயே நிறுத்த இடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி.
– வாசகர், ஐந்தோவன்

நம்பர் பிளேட்டை எழுதியதற்கு நன்றி. டச்சு நம்பருக்கு மாசு மண்டலப் பதிவு தேவையில்லை, பழைய டீசலாக இல்லாதவரை.

மற்றபடி, மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். ஊர் வேறாக இருக்கும், கேள்வி ஒன்றுதான்: தேவாலய வாசலில் காரை நிறுத்த முடியுமா? முடியாது. எண்ணூறு வருஷத்துக்கு முன் குதிரைக்கும் கால்நடைக்கும் போட்ட தெருவில் உங்கள் எஸ்யூவிக்கு இடம் இல்லை. இல்லாமல் இருப்பதால்தான் அந்த ஊரைப் பார்க்க நீங்கள் அங்கே போகிறீர்கள்.

கென்ட்டின் கதை இன்னும் கறாரானது. 2017 ஏப்ரலில் நகர மையத்தைக் கார் இல்லாத பகுதியாக்கி, சுற்றிலும் உள்ள இடத்தை ஆறு பிரிவுகளாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பிரிவிலிருந்து பக்கத்துப் பிரிவுக்கு நேராகப் போக முடியாது. ஆர்40 வட்டச் சாலைக்குத் திரும்பி வந்து, சுற்றிப்போய், மறுபடி நுழைய வேண்டும். வழியை மறிக்கத் தடுப்பு எதுவும் இருக்காது, ஒரு பலகையும் கேமராவும் மட்டும்தான் இருக்கும். முன்னால் போகும் டாக்ஸிக்கு அனுமதி உண்டு. அதன் பின்னாலேயே போன உங்களுக்குக் கிடையாது. புதுப்பிக்காத ஜிபிஎஸ் உங்களை நேராக அதற்குள்தான் அனுப்பும். ஒரே மதியத்தில் மூன்று முறை அதே கேமராவைக் கடந்து மூன்று அபராதம் வாங்கியவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். முறையிட்டால் குறையுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

இன்னொன்று. சிவப்புத் தரையில் சைக்கிள் படம் போட்ட தெருவில் நுழைந்துவிட்டால், பெல்ஜியத்தில் முன்னால் போகும் சைக்கிளை முந்தவே கூடாது. வேகமும் 30 தான். ஹாரன் அடித்துப் பார்க்கலாம், ஊரே திரும்பிப் பார்க்கும்.

சரி, என்ன செய்வது? ஊர் விளிம்பிலுள்ள பார்க் அண்ட் ரைடில் விட்டுவிட்டு டிராம் ஏறுங்கள். கோரன்மார்க்ட்டிலேயே இறக்கிவிடும். அம்மாவுக்கு அதுவே சுகம். அதுவும் முடியாது என்றால் ஃப்ரைடாக்மார்க்ட் நிலத்தடிப் பார்க்கிங் இருக்கிறது. ஆர்40-இலிருந்து அதற்கென்று போட்டிருக்கும் பார்க்கிங் பலகைகளை மட்டும் பிடித்துப் போய், வந்த வழியே வெளியே வாருங்கள். நடுவில் ‘அந்தப் பக்கம் ஒரு ரவுண்ட் பார்க்கலாமே’ என்று யாரும் சொல்லக் கூடாது.

ப்ரூஜில் ரயில் நிலையப் பார்க்கிங். மலிவு, பஸ் உண்டு. ஆம்ஸ்டர்டாம் போனாலும் இதே மந்திரம்தான். மையத்தில் தெருவோரம் மணிக்கு 7, 8 யூரோ ஆகும். பார்க் அண்ட் ரைடு அதைவிட மிகவும் மலிவு, ஆனால் மையத்துக்குப் பொதுப் போக்குவரத்தில் போய்வந்த கார்டைக் காட்டினால்தான் அந்தச் சலுகை. நடந்து போனால் முழுக் கட்டணம்.

ப்ரூஜிலிருந்து ஜீலாந்து வழியாக டென் ஹாக் போக ஆசை. பிரெஸ்கன்ஸ்–ஃப்ளிஸிங்கன் படகில் கார் ஏற்ற எவ்வளவு?
– வாசகர், பிரஸ்ஸல்ஸ்

எந்தக் காலத்து வழிகாட்டியைப் படித்தீர்கள்? 2003-இல் வெஸ்டர்ஸ்கெல்ட சுரங்கம் திறந்த பிறகு அந்தப் படகில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான் போகிறார்கள். சுரங்கம் ஆறரை கிலோமீட்டர், 2025 தொடக்கத்திலிருந்து காருக்கு இலவசம்.

வழி மட்டும் அருமையான தேர்வு. ஆன்ட்வெர்ப் வட்டச் சாலை நெரிசலும் மிச்சம். ஸ்லௌஸ், டெர்னோசன், சுரங்கம், பிறகு என்57-ஐப் பிடியுங்கள். 1953 வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு கட்டிய டெல்டா அணைகளின் மேலேயே ஓடுகிறது அந்தச் சாலை. 1986-இல் திறந்த ஓஸ்டர்ஸ்கெல்ட தடுப்பு அவற்றில் பெரியது. புயல் வந்தால் மட்டும் மூடுகிற மதகுகள், மற்ற நாளில் கடல் நீர் தாராளமாக உள்ளே வரும். தடுப்பின் நடுவிலுள்ள நீல்ட்யே யான்ஸ் தீவில் இறங்கி ஒரு மணி நேரமாவது நில்லுங்கள்.

இப்போது ஏ24. என்57 முடிந்து டென் ஹாக் திசைக்குத் திரும்பும்போது ஜிபிஎஸ் பெரும்பாலும் உங்களை ஏ24-இல் தள்ளும். 2024 டிசம்பரில் திறந்த சாலை. டோல் ஒன்றரை யூரோ போல. டோல்கேட்டும் இல்லை, கவுன்ட்டரும் இல்லை. 72 மணி நேரத்துக்குள் நீங்களே இணையத்தில் கட்ட வேண்டும். மறந்தால் ஒன்றரை யூரோ பல மடங்காகும். வாடகைக் கார் என்றால் அதன் மேல் நிறுவனத்தின் ‘நிர்வாகக் கட்டணம்’ வேறு.

ஆகஸ்டில் நாலு நாள். பிரஸ்ஸல்ஸ், ப்ரூஜ், கென்ட், ஆன்ட்வெர்ப், ரோட்டர்டாம், டென் ஹாக், ஆம்ஸ்டர்டாம், கீத்ஹோர்ன், கொய்கன்ஹோஃப் ட்யூலிப். வரிசை போட்டுத் தாருங்கள்.
– வாசகர், ஆஸ்லோ

கொய்கன்ஹோஃப் மே மாத நடுவிலேயே மூடிவிடும். ஆகஸ்டில் வெறும் வாசலைத்தான் பார்ப்பீர்கள். மீதி எட்டில் மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கார் எந்த நாட்டு நம்பர் என்பதையும்.

பையனுக்கு ஒரு காலை பெல்ஜியத்திலும் ஒரு காலை நெதர்லாந்திலும் வைத்து நிற்க வேண்டுமாம். எங்கே?
– வாசகி, ரோட்டர்டாம்

பார்லே. பிரேடாவிலிருந்து அரை மணி. நெதர்லாந்துக்குள் பெல்ஜியத்தின் 22 துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன, அவற்றில் சிலவற்றுக்குள் மறுபடி நெதர்லாந்துத் துண்டுகள். எல்லை நடைபாதையில், கடைக்குள், வீட்டுக்குள் எல்லாம் போகிறது. வாசல் கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு. ஒரு வீட்டில் எல்லை கதவின் நடுவிலேயே போவதால் இரண்டு எண் பலகைகள். அரை நாள் போதும். திரும்பும்போது பெட்ரோலை பெல்ஜியப் பக்கம் நிரப்புங்கள், வழக்கமாக அங்கேதான் விலை குறைவு.

நாங்கள் சுத்த சைவம். பெல்ஜியம் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடலாம்தானே?
– வாசகி, ஐந்தோவன்

கேட்காமல் சாப்பிடாதீர்கள். பழைய பாணிக் கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், அந்த ருசிக்குப் பெயரே அதனால்தான். தாவர எண்ணெய்க் கடைகளும் உண்டு. நெதர்லாந்தில் பெரும்பாலும் தாவர எண்ணெய், ஆனால் இறைச்சி க்ரோக்கெட்டும் அதே சட்டியில் பொரிந்திருக்கலாம்.